கல்லூரி விழாவில் கர்நாடகக் கச்சேரி: மேடை, மைக், சுருதி – முழுமையான வழிகாட்டி

ஜனவரியிலிருந்து மார்ச் வரை சென்னைக் கல்லூரிகளில் கல்சுரல்ஸ் வரிசையாக வரும். அதில் ஒரு சாயங்காலம் கர்நாடகக் கச்சேரிக்கு என்று ஒதுக்கும் கல்லூரிகள் உண்டு. மறுநாள் லைட் மியூசிக்குக்காக வந்து இறங்கிய மைக் செட்டையே கச்சேரிக்கும் வைத்துவிடுவார்கள். முதல் சறுக்கல் அங்கேதான்.

பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றுக்கும் நடுவே சத்த அளவில் ஒரு சமநிலை மைக் வருவதற்கு முன்பே இருக்கிறது. அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு ஒலிபெருக்கியின் வேலை முடிந்தது. கீழே வரும் படிகளின் வரிசை முழுக்க இதற்காகத்தான்.

300 முதல் 500 இருக்கை உள்ள கல்லூரி அரங்கம், பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், தம்புரா, இரண்டு மணி நேரக் கச்சேரி. இதையே கணக்காக வைத்துச் சொல்கிறோம்.

1. தேதியும் முதல் போன் பேச்சும்

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை மார்கழி. பக்கவாத்தியக்காரர்கள் ஒரே நாளில் இரண்டு சபாக்களில் வாசிக்கும் காலம் அது. கல்லூரிக் கச்சேரிக்கு ஜனவரி கடைசி வாரமோ பிப்ரவரியோ நல்லது. ஆனால் தேதியைச் செப்டம்பர், அக்டோபரிலேயே பேசி முடித்துவிடுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் யாரும் நிதானமாகப் போனில் பேசக்கூட முடியாது.

பாடகரிடம் பேசும்போது கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை:

முதலில், எத்தனை கட்டை சுருதி (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்). ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள், பெண்கள் ஐந்திலிருந்து ஆறு கட்டைக்குள் பாடுவார்கள். மிருதங்கக்காரர் தக்கு (தாழ்ந்த) சுருதி வாத்தியத்தை எடுத்து வருவதா, எச்சு (உயர்ந்த) சுருதி வாத்தியத்தை எடுத்து வருவதா என்பது இதைப் பொறுத்தது. கடத்துக்கு இது இன்னும் முக்கியம். மிருதங்கத்தைத் தட்டிச் சேர்க்கலாம், சுட்ட மண்பானையை அப்படிச் சேர்க்க முடியாது. சரியான பானையை வீட்டிலிருந்தே எடுத்து வந்தாக வேண்டும்.

அடுத்தது, பக்கவாத்தியம் யார். அவர்களை நீங்களாக ஏற்பாடு செய்யாதீர்கள். பாடகரிடம் கேளுங்கள், அவர் சொல்பவரையே அழையுங்கள். சன்மானத்தை ஒருவர் கையில் மொத்தமாகக் கொடுப்பதா, தனித்தனி கவரில் கொடுப்பதா என்பதையும் அப்போதே பேசிவிடுவது மரியாதை.

பிறகு, மிருதங்கக்காரர் இடது கைக்காரரா. பலருக்கு இதைக் கேட்கத் தோன்றாது. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கையால் வாசித்தவர். அப்படி ஒருவர் வந்தால் மிருதங்கமும் வயலினும் இடம் மாறி உட்கார வேண்டும். மைக், மானிட்டர் (மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான ஒலிபெருக்கி) எல்லாம் அதற்கேற்ப இடம் மாறும்.

கூடப் பாட யாராவது வருகிறார்களா, தம்புரா வாசிக்க ஆள் உண்டா, மின் தம்புராவா என்பதையும் கேளுங்கள். அழைப்பிதழில் எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். கடம் வாசிப்பவர் பெயர் விடுபடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அவருக்கு அது சின்ன விஷயமாக இருக்காது.

2. அனுமதிகள்

மூடிய அரங்கமானால் சிக்கல் குறைவு. திறந்தவெளியானால் ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 5.30-க்குத் தொடங்கி 7.30-க்கு முடியும்படி வைத்தால் அந்தப் பேச்சே எழாது. விடுதி மாணவிகள் திரும்பும் நேரத்துக்கும் அதுதான் ஒத்துவரும்.

பாட்டுகளின் காப்புரிமை பற்றி மாணவர்கள் குழம்புவது உண்டு. இயற்றியவர் மறைந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் காப்புரிமை இருக்கும். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகளுக்கு இப்போது அது கிடையாது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல், ஆகவே அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உண்டு. கச்சேரியை யூடியூபில் நேரலை விடுவதானால், பாடகரிடம் மட்டுமல்ல, மேடையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நிகழ்த்துபவர் ஒவ்வொருவருக்கும் தன் நிகழ்த்துதலின் மீது உரிமை உண்டு.

3. மேடை

பெரிய மேடையின் நடுவே ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில் தனியாக ஒரு தளம் போடுங்கள். ஐந்து பேருக்கு 12 அடிக்கு 8 அடி குறைந்த அளவு. வயலின் வில் போய்வரவும் மைக் ஸ்டாண்டு கால்கள் நிற்கவும் அந்த இடம் தேவைப்படும்.

தளத்தின் பலகை கீழே கூடாக இருந்தால், தாளம் போடும் கையும் தொப்பியின் (மிருதங்கத்தின் இடது தலை) அடியும் பலகையில் இறங்கி ‘தொம் தொம்’ என்று மைக்கில் ஏறும். பலகைகளை ஆட்டம் இல்லாமல் இறுக்கி, மேலே இரண்டு மடிப்பு ஜமக்காளம் விரித்தால் போதும். பஞ்சு மெத்தை போடாதீர்கள். பார்க்க வசதியாகத் தெரியும், ஆனால் மிருதங்கம் அதில் உருளும், கால் மரத்துப்போகும்.

பாடகர் நடுவில். அவருடைய வலது பக்கம் மிருதங்கம், இடது பக்கம் வயலின். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது வலந்தலை (மிருதங்கத்தின் வலது தலை) சபையை நோக்கி இருக்கும், அதனால்தான் இந்த முறை. தம்புரா பாடகருக்குப் பின்னால். கடம் வாசிப்பவர் சற்றுப் பின்தள்ளி, மிருதங்கக்காரரின் கையும் முகமும் தெரியும் இடத்தில் உட்கார வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) அவர்கள் பேசிக்கொள்வது கண்ணால்தான்.

அலங்காரத்துக்காகப் பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே குத்துவிளக்கையோ பூத்தொட்டியையோ வைத்துவிடுவார்கள். ஒத்திகையில் அது இருக்காது, கடைசி நேரத்தில் வந்து முளைக்கும். அலங்காரக் குழுவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: தளத்தின் மேல் எதுவும் வேண்டாம், முன் விளிம்பில் ஒரு முழம் உயரத்துக்குள் வைத்துக்கொள்ளட்டும். புகை மெஷின் அறவே கூடாது, தொண்டையைக் கட்டிவிடும்.

4. குளிர், சூடு, ஈரம்

கல்லூரி அரங்குகளில் பார்வையாளர் வரும்போதுதான் ஏசி போடுவார்கள். வெளியே சென்னைக் காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்திருக்கும். அந்த நிலையில் மிருதங்கத்தைச் சேர்த்து முடித்து, பிறகு ஏசி ஓடத் தொடங்கினால் காற்று காய்ந்து தோல் இறுகும், சுருதி மேலே ஏறும். மூன்றாவது பாட்டில் மிருதங்கக்காரர் கல்லும் கட்டையுமாகத் தட்டிக்கொண்டே இருப்பது இதனால்தான். கடத்துக்குப் பதிலாகக் கஞ்சிரா (கையில் பிடித்து வாசிக்கும் சின்னத் தோல் வாத்தியம்) வந்தால் ஏசி காற்றில் இன்னும் வேகமாகக் காயும். அவர் ஈரம் தடவிக்கொண்டே வாசிப்பார், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள்.

ஆகவே கச்சேரிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஏசியை ஓடவிட்டு, கச்சேரியில் இருக்கப்போகும் அதே அளவில் நிறுத்துங்கள். வாத்தியங்கள் அரங்குக்குள்ளேயே இருக்கட்டும், காரிலோ வராந்தாவிலோ வேண்டாம். மேடை விளக்கும் அப்படியே. பழைய ஹாலஜன் விளக்கானால் சேர்ப்பதற்கு அரை மணி முன்பே எரியவிட வேண்டும், அதன் சூடு தோலையும் தந்தியையும் மாற்றும். எல்இடி இருந்தால் அதையே கேளுங்கள்.

ஏசி காற்று நேராகத் தளத்தின் மேல் விழுகிறதா என்று கையை நீட்டிப் பாருங்கள். விழுந்தால் துவாரத்தின் தகட்டைத் திருப்பிவிடுங்கள். மேடையில் பெடஸ்டல் ஃபேன் வைத்தால் அந்தக் காற்று மைக்கில் ‘புஸ்’ என்று இரையும்.

மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்புவார்கள். அதற்குக் கொஞ்சம் தண்ணீர், கை துடைக்க ஒரு துணி, பிறகு கை கழுவ ஓர் இடம் வேண்டும். ரவையை அவரே கொண்டுவருவார். தண்ணீரைத்தான் கடைசி நிமிடத்தில் தேடுவார்கள்.

5. மைக்குகளும் மிக்சரும்

மைக் செட்காரரிடம் ‘கச்சேரி’ என்று மட்டும் சொன்னால் இரண்டு பெரிய பாஸ் பெட்டியோடு வந்து நிற்பார். கீழே உள்ள பட்டியலை எழுதிக் கொடுங்கள்.

பாட்டுக்கு ஒரு டைனமிக் மைக், ஷ்யூர் எஸ்எம் 58 போல. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு முதல் ஆறு அங்குலம்.

வயலினுக்கு ஒரு சிறிய கண்டென்சர் மைக், குட்டை ஸ்டாண்டில், வாத்தியத்திலிருந்து ஓர் அடி தள்ளி. இதற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். ஸ்டாண்டை வைத்த பிறகு வில்லை முழு நீளத்துக்கும் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், நுனி எங்கும் இடிக்கக் கூடாது. வயலின் கலைஞர் தன் சொந்த பிக்கப்பைக் கொண்டுவந்தால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. கை அளவு ஒரு சாண் தூரம். ஒட்டி வைத்தால் விரல் சத்தம் மட்டும் ‘டிக் டிக்’ என்று வரும், நாதம் வராது.

கடத்துக்கு ஒன்று, பானைக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி. மின் தம்புராவுக்கு மைக் வேண்டாம், டிஐ பெட்டி (வாத்தியத்தை மிக்சரோடு நேராக இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக நேரடி ஒயர். தொகுத்து வழங்குபவருக்கு மேடை ஓரத்தில் தனி மைக். பாடகரின் மைக்கைக் கழற்றிக் கொடுத்து வரவேற்புரை பேச வைக்காதீர்கள், திரும்ப மாட்டும்போது தூரமும் கோணமும் மாறிவிடும்.

மொத்தம் ஏழு சானல். கூடப் பாடுபவருக்கும் உபரிக்கும் சேர்த்து 12 சானல் மிக்சர் போதும். மானிட்டர் மூன்று: பாடகருக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கம் கடம் பக்கம் ஒன்று. பாடகரின் மானிட்டர் அவர் மைக்கின் முதுகுக்கு நேர் எதிரே இருக்கட்டும். எஸ்எம் 58 போன்ற மைக் முதுகுப் பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும், கூவல் (ஒலிபெருக்கிச் சத்தம் திரும்ப மைக்கில் ஏறிக் கீச்சிடுவது) வராது.

பாட்டு சானலில் அடிச்சத்தத்தை வெட்டும் ஃபில்டர் இருக்கும். அதை எங்கே வைப்பது என்பதற்குக் கட்டைதான் கணக்கு. ஒரு கட்டையில் ஆதார ஸட்ஜம் (அடிப்படை ‘ஸ’) 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் (அதற்குக் கீழே வரும் ‘ப’) 98. ஐந்து கட்டையில் ஸட்ஜம் 196, மந்தர பஞ்சமம் 147. ஃபில்டர் மந்தர பஞ்சமத்துக்குக் கீழே நிற்க வேண்டும். ஒரு கட்டைக்காரருக்கு 80 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டைக்கு 120 ஹெர்ட்ஸ் சரி. பெண் குரலுக்கு வைத்ததை அப்படியே ஆண் குரலுக்கு விட்டால், ஆலாபனையில் அவர் கீழே இறங்கும்போது குரல் மெலிந்து காணாமல் போகும். தொப்பி சானலில் இந்த ஃபில்டரைப் போடவே வேண்டாம்.

வாடகைக்கு வந்த ஒயர்களை நம்பாதீர்கள். உபரியாக நான்கு எக்ஸ்எல்ஆர் ஒயர், இரண்டு மைக் கிளிப், ஒரு சுருள் ஒட்டு டேப் கையில் இருக்கட்டும். ரிச்சி தெருவில் அரை மணியில் வாங்கிவிடலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமையை நம்பிப் போகாதீர்கள்.

6. மின் இரைச்சல்

இதற்குத் தனித் தலைப்பு தருவதற்குக் காரணம் உண்டு. லைட் மியூசிக்கில் கேட்காத இரைச்சல் கச்சேரியில் தெளிவாகக் கேட்கும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ‘ம்ம்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 100-இல் கேட்கும். ஒரு கட்டைத் தம்புராவின் பஞ்சமத் தந்தி 98. இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு முறை அலையும். யாருக்கும் காரணம் புரியாது, பாடகருக்கு மட்டும் சுருதி சேராதது போலவே இருக்கும், தம்புராவைத் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருப்பார்.

ஒலிக்கு ஒரு ஃபேஸ், விளக்குக்கும் டிம்மருக்கும் வேறு ஃபேஸ் என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். மிக்சர், ஆம்ப்ளிஃபையர், மின் தம்புரா எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரமும் எர்த்தும் வரட்டும். மைக் ஒயரும் விளக்கு ஒயரும் பக்கம்பக்கமாக ஓடக் கூடாது, கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கட்டும். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. மைக் உலோகம் உதட்டில் படும் இடம், உயிருக்கே ஆபத்து. அதை யாரையும் செய்ய விடாதீர்கள். டிஐ பெட்டியில் இதற்கென்றே, ஒலி ஒயரின் எர்த் இணைப்பை மட்டும் பிரிக்கும் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது.

மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுக்கும் சில நொடிகளில் மிக்சர் அணையும், டிஜிட்டல் மிக்சரானால் திரும்ப எழவும் நேரமாகும். அதற்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் போட்டால் போதும்.

7. ஒலிச் சோதனை

சோதனைக்காகக் கலைஞர்கள் 45 நிமிடம் மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்லூரி விழாக்களில் முந்தைய நிகழ்ச்சி இழுத்துக்கொண்டு போய் முதலில் பலியாவது இதுதான். கச்சேரிக்கு முந்தைய இடத்தில் பரிசளிப்பு, பேச்சு எதையும் வைக்காதீர்கள்.

முதலில் எல்லா ஒலிபெருக்கியும் மூடியிருக்கட்டும். தம்புராவை மட்டும் வைத்து எல்லோரும் சுருதி சேர்க்கட்டும். பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். அப்போது சோதனைக்காக ரெக்கார்டு பாட்டு போடுவது பெரும் தவறு. அரங்கம் முழுக்க அமைதி வேண்டும், நாற்காலி இழுப்பதும் கூடாது.

பிறகு, இன்னும் ஒலிபெருக்கி இல்லாமலேயே, ஒரு பாட்டின் பல்லவியை எல்லோரும் சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். மிக்சரில் உட்காருபவர் பத்தாவது வரிசைக்குப் போய் நின்று கேட்க வேண்டும். என்ன கேட்கிறது, என்ன கேட்கவில்லை? அநேகமாக மிருதங்கம் போதிய அளவுக்குக் கேட்கும், குரல் மெல்லியதாக இருக்கும், வயலின் நடுத்தரம், தொப்பியின் கும்கி (அழுத்தி வாசிக்கும் அடிநாதம்) காணாது. எதை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்ப்பவர்கள்தான் கச்சேரி முழுவதும் ஃபேடரை (மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாவது, மானிட்டர். தம்புராவும் குரலும் முதலில். போதும் என்று பாடகர் சொன்னதும் நிறுத்துங்கள். மிருதங்கக்காரருக்கு வேண்டியது பாட்டும் வயலினும், தன் மிருதங்கமே அல்ல. எல்லாவற்றையும் எல்லா மானிட்டரிலும் கொடுத்தால் ஒருவரை மிஞ்சி ஒருவர் ஏற்றச் சொல்வார்கள், பத்து நிமிடத்தில் கூவல் வந்துவிடும்.

கூவல் எங்கே வரும் என்று இப்போதே கண்டுபிடியுங்கள். ஃபேடரை மெதுவாக ஏற்றி, முதலில் எந்த ஹெர்ட்ஸில் கூவுகிறதோ அந்த இடத்தைக் கிராஃபிக் ஈக்வலைசரில் (ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பகுதியையும் தனியாக ஏற்றி இறக்கும் கருவி) மூன்று டெசிபல் இறக்குங்கள். மூன்று, நான்கு இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் இறக்கினால் குரலே வேறாகிவிடும், மானிட்டரை நகர்த்திப் பாருங்கள்.

கடைசியாகத்தான் சபைக்கான ஒலிபெருக்கி. குரல், வயலின், தொப்பி, வலந்தலை, கடம் என்ற வரிசையில் ஏற்றுங்கள். வலந்தலை கடைசிக்கு முன்னால் வருவது வேண்டுமென்றேதான்: அது தானாகவே கேட்கும் வாத்தியம். குரலின் ஒவ்வொரு எழுத்தும் பத்தாவது வரிசையில் புரிய வேண்டும். மிக்சரில் செயற்கை எதிரொலி (ரிவெர்ப்) வேண்டாம், அரங்கமே போதுமான எதிரொலி தரும். காலி அரங்கில் கொஞ்சம் கூர்மையாகக் கேட்டால் பரவாயில்லை, ஆட்கள் நிறைந்தால் அது தணியும்.

முடித்ததும் ஸ்டாண்டு கால்கள் நிற்கும் இடத்தை டேப்பால் குறித்து, மிக்சரைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

8. நிகழ்ச்சி நிரலும் சபை ஒழுங்கும்

இரண்டு மணி நேரத்தில் வர்ணம், மூன்று நான்கு கிருதிகள், ஒரு பெரிய உருப்படி, தனி ஆவர்த்தனம், துக்கடாக்கள் (கடைசியில் வரும் சின்னப் பாட்டுகள்), மங்களம் வரும். இதில் எதையும் நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். முடிக்க வேண்டிய நேரத்தை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள், மீதியைப் பாடகர் பார்த்துக்கொள்வார்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் இடைவேளை என்று நினைத்துக் கூட்டம் எழுந்து போகும். தொடக்க அறிவிப்பில் இரண்டு வரி சேருங்கள்: நடுவில் மிருதங்கமும் கடமும் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் வாசிப்பார்கள், அவர்கள் தனித் திறமையைக் கேட்கும் பகுதி அதுதான் என்று. சொல்லிவிட்டால் மாணவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். தாளக் கணக்கு பிடிபட்டதும் அவர்கள்தான் அதிகமாகக் கை தட்டுகிறார்கள்.

பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் தொடங்கும் முன்போ மங்களத்துக்குப் பிறகோ. நடுவில் சிறப்பு விருந்தினர் வந்தால் முன்வரிசையில் அமைதியாக உட்கார வைத்துவிட வேண்டியதுதான். மங்களம் பாடியபின் ‘இன்னும் ஒரு பாட்டு’ கேட்கக் கூடாது. விருப்பம் இருந்தால் துக்கடா நேரத்தில் துண்டுச் சீட்டாக அனுப்புங்கள். புகைப்படக்காரர்களுக்கு முதல் இரண்டு உருப்படி மட்டும், ஃபிளாஷ் இல்லாமல், ஓரத்திலிருந்து.

மேடையில் ஒவ்வொருவர் பக்கத்திலும் மூடிய பாட்டிலில் தண்ணீர், பாடகருக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர். முன்னால் லேசான டிபன், வயிறு முட்டச் சாப்பாடு கச்சேரிக்குப் பிறகு.

9. கச்சேரி நடக்கும்போது

மிக்சரில் ஒரே ஆள். காதில் தாளம் நிற்கும் ஒரு மாணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நல்லது: ஆலாபனை முடிந்து வயலின் எடுக்கப்போகிறது, தனி வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்வார். வயலின் தனியாக வாசிக்கும்போது ஒரு துளி ஏற்றலாம். மற்றபடி கையை எடுத்துவிடுங்கள். பாடகர் வேண்டுமென்றே மெல்லப் பாடும் இடத்தில் நீங்கள் ஏற்றிவிட்டால் அவர் செய்த வேலை கெட்டுப்போகும்.

மேடையிலிருந்து சைகை வந்தால், எந்த மானிட்டர் என்று தெரியாமல் எதையும் தொடாதீர்கள். காதைக் காட்டி விரலை மேலே காட்டினால் மானிட்டர், மைக்கைக் காட்டினால் அந்தச் சானல் என்று சோதனையின்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

10. முடிந்த பிறகு

முதலில் ஆம்ப்ளிஃபையரை அணையுங்கள், பிறகு மிக்சரை. மாற்றிச் செய்தால் ‘டமார்’ என்று ஒலிபெருக்கி அதிரும். கலைஞர்கள் வாத்தியத்தை உறையில் போட்டு முடிக்கும்வரை மேடை விளக்கு எரியட்டும், ஒயர் சுருட்டும் ஆட்கள் தளத்தில் ஏறக் கூடாது. கடப் பானை ஒன்று தரையில் இருக்கிறது என்பது மறந்துபோகும் நேரம் இதுதான்.

சன்மானக் கவர்கள் வண்டி ஏறும் முன் கைக்குப் போய்ச் சேரட்டும். மிருதங்கமும் கடமும் மடியில் வைத்துக்கொண்டு போகும்படி சின்ன வண்டி அனுப்பாதீர்கள், டிக்கி பெரிதாக உள்ள காராகக் கேளுங்கள்.

மிக்சர் போட்டோ, மேடை அளவு, கட்டை, ஈக்வலைசரில் இறக்கிய இடங்கள், ஏசி போட்ட நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அடுத்த ஆண்டுக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். அதே அரங்கம் அதே இடத்தில்தான் மறுபடியும் கூவும்.